கோவை பிளைட்ட விடியக்காலைக்கு மாத்தி விட்டுட்டாங்க, கோத்தகிரில இருந்து எப்படிங்க இறங்குறது?

கோத்தகிரி இலைக்காரன்

எல்லாருக்கும் வணக்கம்ங்க. கதை கொஞ்சம் நீளம், பொறுமையா படிச்சுட்டு விவரம் தெரிஞ்சவங்க யாராச்சும் சொல்லுங்க.

அக்கா ஜெர்மனில பிராங்க்பர்ட் பக்கத்துல இருக்கா. ரெண்டாவது பிரசவம், அதுக்காக அப்பாவும் அம்மாவும் ஜூலை 9 கிளம்புறாங்க. டிக்கெட்டு பிப்ரவரிலயே ஒரு ஏஜெண்ட்கிட்ட எடுத்தது, கோயம்புத்தூர் டு மும்பை, மும்பை டு பிராங்க்பர்ட், போக வர எல்லாம் ஒரே டிக்கெட்டு. கோவைல மத்தியானம் 2.20க்கு ஏறணும், மும்பைல நைட்டு 1 மணிக்கு பெரிய பிளைட்டு. இந்த டைம பாத்துதான் எடுத்ததே, காலைல இட்லி சாப்ட்டு 9 மணிக்கு மெதுவா மலை இறங்கினாக்கூட தாராளமா போய் சேந்துடலாம்னு.

முந்தாநாள் ஏஜெண்ட் ஒரு மெசேஜ பார்வேர்ட் பண்றாரு. மத்தியான பிளைட்டு ரத்தாம், அதுக்கு பதிலா காலைல 6.10 பிளைட்ல ரெண்டு பேரையும் போட்டுட்டாங்களாம். கீழ பச்சை கலர்ல பெருசா அக்செப்ட் பட்டன். ரத்து பண்றதுக்கான லிங்க் எங்கன்னு தேடினா கண்ணாடி போட்டுத்தான் கண்டுபிடிக்கணும், அவ்ளோ சின்னது.

6.10 பிளைட்டுன்னா 4 மணிக்கு ஏர்போர்ட்ல நிக்கணும். அப்ப வீட்ல இருந்து 1 மணிக்கு கிளம்பணும். ஜூலைல ராத்திரி 1 மணிக்கு குஞ்சப்பனை வழியா இறங்குறதுன்னா இந்த பக்கம் ஆளுங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல, பலாப்பழ சீசன், யானை ரோட்டு மேலயே நிக்கும். போன வருஷம் அங்க ஒரு வளைவுல ஒரு தாயும் குட்டியும் நின்னு, எங்க டிரைவர் அண்ணன் வண்டியை ஓரங்கட்டி முக்கால் மணி நேரம் சத்தமே காட்டாம உக்காந்திருந்தாரு, பின்னாடி சீட்ல அம்மா முந்தானையை வாய்ல வச்சு அமுக்கிட்டு இருந்தாங்க. அதையும் தாண்டி போனாலும் மும்பைல 17 மணி நேரம் சும்மா உக்காரணும். அப்பாவுக்கு 71, அம்மாவுக்கு முட்டி வலி, சுகர் வேற.

இதே ஏர்லைன்தான் போன வருஷமும், இதே மாதிரி பிராங்க்பர்ட் போக வர ஒரே டிக்கெட்டு. செப்டம்பர்ல அவங்க திரும்பி வரும்போது மும்பை வரைக்கும் டைமுக்கு வந்துட்டாங்க, மும்பைல இருந்து கோவை பிளைட்டு ராத்திரி 8.40. முதல்ல 9.30ன்னாங்க, அப்புறம் 10.45, அப்புறம் 12.15, அதுக்கப்புறம் போர்டுல டைமே போடல, கேட்டா டெக்னிக்கல் பிராப்ளம்ங்கிறாங்க, கடைசில காலைல 5.50க்குதான் எடுத்தாங்க. நடுவுல ஒரு கப் உப்புமாவும் ஒரு மாம்பழ ஜூஸ் பாக்கெட்டும் குடுத்தாங்களாம். சுகர்காரங்களுக்கு மாம்பழ ஜூஸ்! ரெண்டு பேரும் இரும்பு சேர்லயே விடிய விடிய. நான் இங்க கோவைல வண்டிய போட்டுட்டு ஏர்போர்ட் கிட்ட சித்ரா பக்கத்துல ஒரு டீக்கடை பெஞ்சுல கொசுகிட்ட கடி வாங்கிட்டு கெடந்தேன்.

இப்ப என் கேள்வி. அக்செப்ட் குடுக்கலாமா, இல்ல கேன்சல் பண்ணி வேற ஏர்லைன்ல எடுக்கலாமா? வேறதுல பாத்தா இப்ப கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ரேட்டு காட்டுது. அக்கா பிரசவ தேதி ஜூலை 20, தள்ளிப்போடவும் முடியாது. அப்பா ஒரே வார்த்தைல முடிச்சுட்டாரு, "எடைல ஏமாத்துன டீ பேக்டரிக்கு மறுபடியும் இலை போடுவியாடா?"ங்கிறாரு. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியலைங்க.

குன்னூர் குளிரு

அண்ணா மொதல்ல அந்த பச்சை பட்டன்ல கைய வைக்காதீங்க!!! நான் வச்சேன். சென்னை டு சிங்கப்பூர், சாயங்கால பிளைட்ட விடியக்காலைக்கு மாத்தினாங்க, நானும் வேற வழியில்ல போலன்னு நெனச்சு அமுக்கிட்டேன், அப்புறம் போன் பண்ணி கேட்டா "நீங்கதான் சம்மதிச்சிருக்கீங்க மேடம், இனி மாத்தணும்னா சார்ஜ் ஆகும்"ன்னு கூலா சொல்றாங்க. நீலகிரி எக்ஸ்பிரஸ்ல போய் சென்ட்ரல்ல இறங்கி நேரா ஏர்போர்ட் போலாம்னு போட்ட பிளான் எல்லாம் போச்சு, முந்தின நாளே போய் பல்லாவரத்துல சித்தி வீட்ல ஹால்ல படுத்திருந்து போனேன்.

உங்க அப்பா சொன்னது செம்ம. எங்க வீட்லயும் அதே டயலாக் ஓடும், ஆனா இலை பறிச்சு மூட்டை கட்டி வச்ச அப்புறம் வேற பேக்டரி வண்டி வரலன்னா அதே பேக்டரிக்குத்தான் போடணும், அதுவும் உண்மை 😅

பழைய கவுண்டர் ஆள்

தம்பி, நான் ஏர்போர்ட் கவுண்டர்ல பல வருஷம் நின்னவன், இப்ப ரிட்டயர் ஆகி ஊட்டில கேரட்டும் பீட்ரூட்டும் பாத்துட்டு இருக்கேன். எந்த ஏர்லைன்னு நீங்களும் சொல்லல, நானும் கேக்கல, இந்த விஷயத்துல எல்லாரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான்.

மொதல்ல ஒன்னு புரிஞ்சுக்கங்க, அந்த 6.10ங்கிறது மனுஷன் யோசிச்சு போட்டது இல்ல. ஒரு பிளைட்ட எடுத்துட்டா அதுல இருந்த பேருங்கள சிஸ்டமே தூக்கி எங்க காலி சீட்டு இருக்கோ, எது மும்பை பிளைட்ட பிடிக்கிற மாதிரி இருக்கோ அதுல போட்டுடும். அதுக்கு கோயம்புத்தூர் ஏர்போர்ட் வரைக்கும்தான் தெரியும். மேட்டுப்பாளையத்துக்கு மேல ரோடு இருக்குறது, அதுல யானை நிக்கிறது இதெல்லாம் அதுக்கு தெரியாது. அதனால அவங்க அனுப்புனது ஒரு யோசனை, அவ்ளோதான், உத்தரவு இல்ல. விமான போக்குவரத்த கண்காணிக்கிற அரசு அமைப்பு டிஜிசிஏ, அதோட விதியே அப்படித்தான் சொல்லுது, ரத்து பண்ணா ரெண்டு வாரத்துக்கு முன்னாடி சொல்லணும், சொல்லிட்டு வேற பிளைட்டோ முழு பணமோ, எது பயணி ஒத்துக்கிறாரோ அதை குடுக்கணும். ஒத்துக்கிறது நீங்க, அவங்க இல்ல. உங்களுக்கு அஞ்சு வாரம் முன்னாடியே சொல்லிட்டாங்க, அதனால நஷ்ட ஈடு எதுவும் கெடைக்காது, அதை கேட்டு டைம் வேஸ்ட் பண்ணாதீங்க. ஆனா வேற பிளைட்டு கேக்கலாம், காசு இல்லாம.

எப்படி கேக்கணும்ங்கிறதுலதான் விஷயமே இருக்கு. "எனக்கு டைம் சரிப்படல, வேற குடுங்க"ன்னு பொதுவா கேட்டா அந்த பொண்ணு பாவம் சிஸ்டம் காட்டுறத படிச்சுட்டு "வேற இல்ல சார்"ன்னுதான் சொல்லும். நீங்களே அவங்க வெப்சைட்ல புதுசா டிக்கெட் எடுக்கிற மாதிரி அதே தேதிய போட்டு பாருங்க. கோவைல இருந்து டெல்லி வழியா காட்டுதா, பெங்களூர் வழியா காட்டுதா, எது காலைல 10 மணிக்கு மேல கிளம்புது, இதெல்லாம் ஒரு பேப்பர்ல பிளைட் நம்பரோட எழுதி வச்சுக்கிட்டு போன் பண்ணுங்க. "இந்த நம்பர், இந்த நம்பர், ரெண்டுலயும் சீட்டு இருக்கு, இதுல மாத்துங்க"ன்னா பாதி பேர் மாத்திடுவாங்க. ஒருத்தர் முடியாதுன்னா சண்டை போடாதீங்க, நன்றி சொல்லி வச்சுட்டு அரை மணி கழிச்சு மறுபடி போடுங்க, வேற ஆள் எடுப்பாரு. இதை நான் சொல்லக்கூடாது, ஆனா கவுண்டர்ல நின்னவனுக்கு தெரியும், ஒரே கேள்விக்கு நாலு பேர் நாலு பதில் சொல்லுவோம்.

லண்டன் வழியா போடுறேன்னா மட்டும் வேணாம்னுடுங்க. நம்ம பாஸ்போர்ட்டுக்கு அங்க மாறி ஏறுறதுக்கே டிரான்சிட் விசா கேப்பாங்க, உங்க அப்பா அம்மாகிட்ட இருக்கிற ஷெங்கன் டூரிஸ்ட் விசா, அதான் ஜெர்மனி மாதிரி ஐரோப்பிய நாடுகளுக்கு குடுக்கிறது, அதுக்கு செல்லாது.

மாத்தினதும் நிம்மதியா போன வச்சுடாதீங்க, இங்கதான் எல்லாரும் மாட்டிக்கிறாங்க. பிஎன்ஆர் வேற, டிக்கெட் வேற. பிஎன்ஆர்ங்கிறது உங்க பேருக்கு எடம் பிடிச்சு வச்ச நோட்டு, டிக்கெட்ங்கிறது காசு கட்டின ரசீது. நோட்டுல புது பிளைட்டு ஏறிடும், ரசீது பழைய பிளைட்லயே நிக்கும். வெப்சைட்ல எல்லாம் கன்பர்ம்னுதான் காட்டும், கவுண்டர்ல வந்து நின்னா எங்களுக்கு சிகப்பா அடிக்கும், பின்னாடி லைன்ல நூறு பேர். எத்தனையோ விடியக்காலை எத்தனையோ வயசானவங்க அந்த எடத்துல என் முகத்தை பாத்துட்டு நின்னிருக்காங்க, இன்னிக்கும் மறக்கல. அதனால "டிக்கெட்ட ரீஇஷ்யூ பண்ணிட்டீங்களா, புது டிக்கெட் நம்பர் சொல்லுங்க"ன்னு வாய்விட்டு கேளுங்க. 13 இலக்க நம்பர் அது. ஆளுக்கு ஒன்னு, மெயில்லயும் வரணும். ஏஜெண்ட் மூலமா எடுத்ததுனால சில நேரம் "ஏஜெண்ட்தான் ரீஇஷ்யூ பண்ணணும்"பாங்க, அப்ப ஏஜெண்ட் கடைக்கு போய் அவரை கையோட செய்ய வைங்க.

இன்னொன்னு, பிஎன்ஆர்ல யார் போன் நம்பர் இருக்கு? ஏஜெண்ட் நம்பர்தான் இருக்கும், அதனாலதான் மெசேஜ் அவருக்கு போச்சு. உங்க நம்பரையும் மெயிலையும் சேக்க சொல்லுங்க. விதியிலயே இருக்கு, சரியான தொடர்பு விவரம் குடுக்காத பயணிக்கு நஷ்ட ஈடு கெடையாதுன்னு.

கூடலூர் கட்டஞ்சாயா

நான் கொஞ்சம் மாத்தி சொல்றேன், கோச்சுக்காதீங்க. எதுக்கு இந்த போன் சண்டை எல்லாம்? 8ம் தேதி சாயங்காலமே இறக்கி கூட்டிட்டு போய் பீளமேட்ல ஒரு ரூம் போட்டு படுக்க வச்சு, காலைல 4 மணிக்கு ஏர்போர்ட்ல விட்டுடுங்க. ரூம் வாடகையோட முடிஞ்சுது. கல்ஃப்க்கு 14 வருஷமா போய் வர்றேன், எங்களுக்கெல்லாம் பிளைட்டு மாறுறது மழை வர்ற மாதிரி, கேள்வியே கேக்க மாட்டோம், குடைய எடுத்துட்டு கிளம்பிடுவோம்.

நீங்க கோத்தகிரில இருக்கிறதே புண்ணியம். எங்களுக்கு எந்த ஏர்போர்ட்டும் பக்கம் இல்ல, கரிப்பூர், அதான் கோழிக்கோடு ஏர்போர்ட், போகணும்னா நாடுகாணி இறங்கி நிலம்பூர் வழியா, ஜூலைல அந்த ரோடு எந்த நிமிஷம் மண்ணு சரியும்னு தெரியாது. உங்க பக்கம் ஜூலைல வெறும் சாரல்தான், எங்களுக்குத்தான் கொட்டும். பெங்களூர் போகணும்னா பந்திப்பூர் காட்டு கேட்டு. ராத்திரி 9 மணிக்கு சாத்துனா காலைல 6 மணிக்குதான் தொறப்பாங்க, 2009ல இருந்து இதான், ஆம்புலன்சும் ஒன்னு ரெண்டு அரசு பஸ்சும்தான் போகும். ரெண்டு வருஷம் முன்னாடி என் பெங்களூர் பிளைட்டு மறுநாள் மத்தியானம்னு இருந்தது, வீட்ல பிரியாணிக்கு அரிசி ஊற வச்சிருக்காங்க, சாயங்காலம் 6.50க்கு மெசேஜ், காலைல 7.15க்கு மாத்தியாச்சுன்னு. பெட்டிய மூடுனதும் தெரியாது வண்டில ஏறுனதும் தெரியாது, தொரப்பள்ளி தாண்டி தெப்பக்காட்டுல மான் கூட்டம், ஹாரன் அடிக்கவும் முடியாது, கேட்டுக்கு போறப்ப மணி 8.56. அந்த பாரஸ்ட் கார்டு வாட்ச பாத்தாரு, என்னை பாத்தாரு, கைய ஆட்டி போங்கன்னாரு. பிரியாணி அவங்க சாப்ட்டாங்க.

அதனால அந்த கவுண்டர் சார் சொன்ன பெங்களூர் வழி எல்லாம் பிளைட்லயே போய் மாறுனா சரி. பெங்களூர்ல இருந்து ஏறிக்கங்கன்னு சொன்னா மட்டும் ஒத்துக்காதீங்க.

கோத்தகிரி இலைக்காரன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. கூடலூர் அண்ணா நீங்க சொல்ற மாதிரி ரூம் போடலாம்தான், ஆனா மும்பைல அந்த 17 மணி நேரம் இருக்கே, அதுதான் பயமா இருக்கு. போன வருஷம் அந்த சேர்ல உக்காந்ததுலயே அம்மாவுக்கு கால் வீங்கி வந்து ஒரு வாரம் நடக்கல.

இன்னைக்கு மொத கால் பண்ணேன். 38 நிமிஷம் ஒரே மியூசிக், அப்புறம் எடுத்தவரு 6.10 தவிர வேற இல்லைன்னுட்டாரு. கவுண்டர் சார் சொன்ன மாதிரி நம்பர் எழுதி வைக்காம போனது என் தப்பு, அவசரத்துல பண்ணிட்டேன். நாளைக்கு எழுதி வச்சுட்டு மறுபடி போடுறேன்.

வீல்சேர் பிப்ரவரிலயே சொல்லி போட்டிருந்தோம், அது புது பிளைட்டுக்கும் வருமா தானா?

போன வருஷ விஷயத்துக்கு இப்ப ஏதாச்சும் பண்ண முடியுமா, இல்ல காலம் கடந்துடுச்சா? பணத்துக்காக இல்லைங்க, அப்பா மனசு ஆறட்டும்னுதான். சரி, பணத்துக்காகவும்தான்.

உதகை குமாஸ்தா

வக்கீல் ஆபீஸ்ல வேலை, வக்கீல் இல்ல, அதை மொதல்லயே சொல்லிடுறேன். ஆனா இந்த மாதிரி பேப்பர் டைப் அடிச்சு அடிச்சு கொஞ்சம் தெரியும்.

உங்க போன வருஷ கதைய ரெண்டு தடவ படிச்சேன், படிக்க படிக்க கோவம்தான் வந்துது. பிளைட்டு ராத்திரி 8.40, எடுத்தது காலைல 5.50, அதாவது 9 மணி நேரம் 10 நிமிஷம் லேட்டு. டிஜிசிஏ விதிப்படி ராத்திரி 8ல இருந்து 3 மணிக்குள்ள கிளம்ப வேண்டிய பிளைட்டு 6 மணி நேரத்துக்கு மேல லேட்டானா ஓட்டல் ரூம் குடுக்கணும், போக வர வண்டியோட, இலவசமா. உங்க அப்பா அம்மா அந்த சேர்ல படுத்திருக்கவே வேண்டியதில்ல. சாப்பாடும் அப்படித்தான், ரெண்டரை மணி நேரத்துக்கு உள்ள பறக்கிற பிளைட்டுக்கு 2 மணி நேரம் லேட்டானாலே குடுக்கணும், ஜூஸ் ஆகாதுன்னா வேற கேக்குறதுல தப்பே இல்ல. மும்பை டு பிராங்க்பர்ட் மாதிரி நீளமான பிளைட்டுக்கு அது 4 மணி நேரம். மழை, மூட்டம், ஏர் டிராபிக் கண்ட்ரோல் இப்படி அவங்க கையில இல்லாத காரணம்னா இதுல தப்பிக்க பாப்பாங்க, ஆனா உங்களுக்கு சொன்னது டெக்னிக்கல். அதனால எப்பவும் லேட்டுக்கு காரணம் என்னன்னு எழுத்துல, டிலே சர்டிபிகேட்டா வாங்கி வைக்கணும், அங்கேயே, அன்னைக்கே. போர்டு போட்டோவும்.

இப்ப பெரிய விஷயத்துக்கு வரேன். பிராங்க்பர்ட்ல கிளம்பி மும்பைல மாறி கோவை, ஒரே டிக்கெட்டுன்னு சொன்னீங்கல்ல? அப்ப அது ஐரோப்பிய யூனியன் சட்டத்துக்குள்ள வருது, விதி எண் 261, வருஷம் 2004. ஐரோப்பால இருந்து கிளம்புற பயணம்னா எந்த நாட்டு ஏர்லைனா இருந்தாலும் கட்டுப்படுத்தும். கடைசி ஊருக்கு 3 மணி நேரத்துக்கு மேல லேட்டா போய் சேந்தா, தூரம் 3500 கிலோமீட்டருக்கு மேலன்னா ஆளுக்கு 600 யூரோ. லேட்டானது மும்பைலதானே, ஐரோப்பால இல்லையேன்னு அவங்க சொல்லுவாங்க. அதுக்கு 2018லயே ஐரோப்பிய நீதிமன்றம் பதில் சொல்லிடுச்சு, பெர்லின்ல கிளம்பி காசாபிளாங்காவுல மாறி அகாதிர் போன ஒரு கேஸ்ல, ஒரே புக்கிங்னா முழு பயணத்தையும் ஒன்னாத்தான் பாக்கணும்னு. டெக்னிக்கல் கோளாறும் பொதுவா சாக்கா செல்லாது, 2008 தீர்ப்பு அது, மெஷின் கெட்டுப்போறது ஏர்லைன் நடத்துறதுல சகஜம், அசாதாரணம் இல்லன்னு. ஜெர்மனில காலக்கெடு 3 வருஷம், அதுவும் அந்த வருஷம் முடிஞ்சதுல இருந்து கணக்கு. அதனால ஒன்னும் காலம் கடக்கல. மொதல்ல ஏர்லைனுக்கே டிக்கெட், போர்டிங் பாஸ் வச்சு எழுதுங்க, ரெண்டு பேருக்கு 1200 யூரோ. குடுக்கலன்னா உங்க அக்கா வீட்டுக்காரர் அங்கேயே பாத்துக்கலாம், பிராங்க்பர்ட் கோர்ட்டுக்கு இதெல்லாம் தினசரி வேலை.

ஒரு எச்சரிக்கை, போகும்போது இது வராது. இந்தியால இருந்து இந்திய ஏர்லைன்ல ஐரோப்பா போறதுக்கு அந்த சட்டம் கெடையாது, திரும்பி வர்றதுக்கு மட்டும்தான்.

அங்க வேணாம், இங்கயே பண்றேன்னாலும் வழி இருக்கு. மொதல்ல நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன், இல்ல விமான பயணிகளுக்கான அரசு தளம் ஏர்சேவால புகார். அதுலயும் அசையலன்னா நுகர்வோர் கமிஷன். 2019 சட்டத்துக்கு அப்புறம் புகார்தாரர் குடியிருக்கிற ஊர்லயே கேஸ் போடலாம், மும்பைக்கோ டெல்லிக்கோ அலைய வேண்டாம், நம்ம ஊட்டிலயே போடலாம். 5 லட்சம் வரைக்கும் பீஸ் கெடையாது. சம்பவம் நடந்து 2 வருஷத்துக்குள்ள போடணும், அவ்ளோதான்.

பழைய கவுண்டர் ஆள்

குமாஸ்தா தம்பி சொன்ன யூரோ விஷயம் எனக்கே பாதிதான் தெரியும். நல்லது.

வீல்சேர் தானா வராது. வரலாம், ஆனா வரும்னு நம்பக்கூடாது. பிளைட்டு மாறினா வீல்சேர், சுகர் சாப்பாடு, பிடிச்சு வச்ச சீட்டு இதெல்லாம் ஒவ்வொரு பிளைட்டுக்கும் தனித்தனியா மறுபடி ஏத்தணும். ரெண்டு பிளைட்டுன்னா ரெண்டுலயும் இருக்கான்னு கேளுங்க, ஒன்னுல இருந்து இன்னொன்னுல இல்லாம போறது சாதாரணம். மும்பை வழியே முடிவாச்சுன்னா டெர்மினலையும் பாருங்க, உள்நாட்டு பிளைட்டு டெர்மினல் 1க்கு போய் இறங்கினா பன்னாட்டுக்கு டெர்மினல் 2 போக வெளிய வந்து ரோட்டுல போகணும், அது முட்டி வலிக்காரங்களுக்கு ஆகாது.

பெட்டில ஒட்டுற டேக்க கோவைலயே பாத்துடுங்க, எஃப்ஆர்ஏன்னு இருக்கணும், அதான் பிராங்க்பர்ட். போகும்போது பெட்டி நேரா போயிடும், வரும்போது முதல்ல இறங்குற இந்திய ஊர்ல பெட்டிய எடுத்து கஸ்டம்ஸ் காட்டி மறுபடி போடணும், அதுக்கும் டைம் வச்சு பாருங்க. அப்புறம் திரும்பி வர்ற தேதிய ஏர்லைன் தள்ளிப்போட்டா ஷெங்கன் விசால தங்க விடுற 90 நாளை எண்ணிப் பாக்காம ஒத்துக்காதீங்க.

கூடலூர்க்காரரே, அந்த கார்டுக்கு பிரியாணி ஒரு பொட்டலம் குடுத்திருக்கலாம்.

கூடலூர் கட்டஞ்சாயா

சார் அது வெந்திருந்தா குடுத்திருப்பேன், அரிசி ஊறிட்டுதான் இருந்துச்சு 😂

கோத்தகிரி இலைக்காரன்

அப்டேட் சொல்றேங்க, எல்லாரும் கேட்டீங்களே.

ரெண்டாவது கால்லயும் முடியாதுன்னுட்டாங்க. மூணாவது கால்ல ஒரு பொண்ணு எடுத்துச்சு, பேச்சுல மதுரை வாடை. அப்பா அம்மா வயசு, முட்டி, மலைப்பாதை எல்லாம் சொல்லிட்டு இருந்தேன், அது பாதிலயே "சார் பிளைட் நம்பர் சொல்லுங்க"ன்னுச்சு, எழுதி வச்சதை படிச்சேன். டெல்லி வழியா, கோவைல காலைல 11.35. டெல்லில இறங்கி நாலரை மணி நேரம்தான் கேப், பன்னாட்டு பிளைட்டும் அதே டெர்மினல். எக்ஸ்ட்ரா ஒரு பைசா இல்ல. ரீஇஷ்யூ ஆச்சான்னு கேட்டேன், ஒரு நிமிஷம் சத்தமே இல்ல, அப்புறம் "இல்ல சார், இப்ப பண்றேன்"ன்னுச்சு! கவுண்டர் சார் நீங்க சொல்லலைன்னா நான் போனை வச்சிருப்பேன். ரெண்டு பேருக்கும் புது நம்பர் மெயில்ல வந்துடுச்சு, 13 இலக்கம் எண்ணி பாத்தேன். வீல்சேர் கோவை டு டெல்லில இருந்துச்சு, பிராங்க்பர்ட் பிளைட்ல இல்ல, அதையும் ஏத்தியாச்சு. என் நம்பரும் சேத்தாச்சு.

அப்பாகிட்ட சொன்னேன். "சரி, இந்த தடவ போடலாம், ஆனா தராசுகிட்ட நீ நில்லு"ன்னாரு. அந்த 600 யூரோ விஷயத்தை சொன்னதும் கண்ணாடிய எடுத்து மாட்டிக்கிட்டு போன வருஷ போர்டிங் பாஸ் தேடி மரபீரோவ பூரா கலைச்சுட்டாரு. கெடைச்சிடுச்சுங்க, ரெண்டு பேருதும், கேஸ் சிலிண்டர் புக்கு நடுவுல. மாமா போன வாரமே ஏர்லைனுக்கு எழுதி போட்டுட்டாரு, பதில் வந்தா சொல்றேன்.

9ம் தேதி காலைல 6 மணிக்கு வெளிச்சத்துல இறங்குறோம், மேட்டுப்பாளையத்துல டிபன். எங்க நீலகிரி நம்பர் டிஎன் 43 வண்டியிலயே போறதுனால, திரும்பி மலை ஏறும்போது வெளியூர் வண்டிக்கு கேக்கிற இ-பாஸ் தொல்லையும் இல்ல. அம்மா இப்ப நெய் காச்சிட்டு இருக்காங்க, அக்காவுக்கு பத்தியத்துக்கு. பால் சாமான், நெய் எதுவும் ஐரோப்பா உள்ள எடுத்துட்டு போகக்கூடாதுன்னு அக்கா சொல்லிட்டா, அதை அம்மாகிட்ட யார் சொல்றதுன்னுதான் இப்ப வீட்ல பிரச்சனை.

குன்னூர் குளிரு

நீங்களே சொல்லுங்க அண்ணா, ஏர்லைன்காரங்களையே சமாளிச்சுட்டீங்க. நெய்க்கு பதிலா தேயிலையும் வர்க்கியும் குடுத்து விடுங்க, வர்க்கி மட்டும் கைப்பைல, பெட்டில போட்டா பிராங்க்பர்ட்ல தூளா இறங்கும்.